சிட்டுவின் முதல் பால்

செல்வி,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு உங்கப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நீ படித்து முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். என் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், சரி. அவரை எழுந்து போகச் சொல்ல உனக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். முதலில் அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடு. மலைப்பாதை பஸ்ஸில் இறங்கினாலே அவருக்குத் தலை சுற்றும், ஆனால் உன்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சமாளிப்பார்.

போன வெள்ளிக்கிழமை நான் உன்னிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். “நீ இங்க வராத, பாப்பா.” நீ, “இன்னாம்மா சொல்ற? வளகாப்பு முடிஞ்சதும் கூட்டினு போறேன்னு நீதான சொன்ன?” என்று கேட்டாய். போனை வைத்துவிட்டேன். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மகளை வராதே என்று சொன்ன தாய் இந்த மலையில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டாள். உனக்கென்று ஆலங்காயத்தில் பொறுக்கிப் பொறுக்கி வாங்கிய கண்ணாடி வளையல் தாளில் சுற்றியபடி அலமாரியில் இருக்கிறது. நீ கோபித்துக்கொண்டதில் தப்பே இல்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்து வாசலில் நின்று கத்தியிருப்பேன். நீ உங்கப்பாவைப் போல, கோபம் வந்தால் பேசாமல் இருப்பவள்.

மறுநாள் மாப்பிள்ளையிடம் பாதி சொன்னேன். நம் மாட்டுக்கு ஒரு நோய் வந்திருக்கிறது, அது மனிதருக்கும் ஒட்டும், மாசமாக இருப்பவளுக்கு ஆகாது, செல்விக்கு இரத்தம் பார்த்துவிடுங்கள் என்றேன். அவர் தங்கமான பிள்ளை. ஏன் எதற்கு என்று கேட்டு என்னைக் குடையாமல் உன்னை வாணியம்பாடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் இரத்தம் கொடுக்க வைத்தார். முடிவு இன்னும் வரவில்லை என்றார். மீதிப் பாதியை அவரிடம் சொல்ல என் நாக்கு எழவில்லை. அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். இதையே இன்னொரு தாளில் எழுதிப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டப்போகிறேன். உங்கப்பா, “குடும்ப விசயத்த இன்னாத்துக்குச் சுவத்துல ஒட்ற?” என்று கேட்டார். இந்த மலையில் மாடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செல்வி இருக்கிறாள், அதனால்தான் என்றேன்.

இது சிட்டுவின் கதை. நம் செவலைப் பசு ஈன்ற கிடாரிக் கன்று சிட்டு. அதற்கு அந்தப் பெயரை வைத்ததே நீதான், அது கொட்டகைக்குள் சிட்டுக்குருவி போலத் துள்ளுகிறது என்று. அந்தச் சமயத்தில்தான் உனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் காபி குடித்தார்கள், பலாப்பழம் தின்றார்கள், கீழே இறங்கியதும் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள், ஒருவரும் சொல்லியனுப்பவில்லை. நீ ராத்திரிச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போவாய். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலில் நின்று, என் மகளுக்கு நல்ல இடம் அமையட்டும், சிட்டு ஈன்றதும் அதன் முதல் பால் உனக்குத்தான் தாயே என்று அவளிடம் வேண்டிக்கொண்டேன். நம் வீட்டு முறை உனக்குத் தெரியும். சாமிக்கு நேர்ந்த கிடாரி முதல் பால் கொடுக்கும்வரை அதன் உடம்பில் ஒரு துளை விழக் கூடாது. மூக்கு குத்தக் கூடாது, காது குத்தக் கூடாது, சூடு போடக் கூடாது. படைத்த பாலை அடுப்பில் ஏற்றக் கூடாது, கறந்த சூட்டோடு குடிக்க வேண்டும். என் மாமியார் வீட்டில் எப்போதிலிருந்து இந்த முறை என்று யாருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை.

அடுத்த மாதமே உனக்கு இந்த இடம் அமைந்தது. அம்மன் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள், இனி நான் காப்பாற்ற வேண்டும் என்று சிட்டுவை ஒரு முள் கீறாமல் வளர்த்தேன்.

உன் கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ஊசி போடுகிறவர்கள் ஊருக்கு வந்தார்கள். கோமாரி ஊசி இல்லை, இது வேறு. பெட்டைக் கன்றுகளுக்கு மட்டும் போடுகிறது. முதலில் காதில் மஞ்சள் பட்டையைக் குத்துவார்கள், அப்புறம்தான் ஊசி. பட்டை இல்லாத கன்றுக்குக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாத கன்றுக்கு ஊசி இல்லை. நான் சிட்டுவைக் கொட்டகையின் உள்பக்கம் கட்டிவிட்டு வாசலில் நின்றுகொண்டேன். வந்தவர் பொறுமையானவர், திருப்பத்தூர்ப் பக்கத்து ஆள்.

“ஏம்மா, வாழ்நாளுக்கு ஒரே ஒரு ஊசிங்க. மாசம் நெறையறதுக்குள்ள கன்னு வீசற நோய் வராம இருக்கறதுக்கு. நாலு மாசத்துலேர்ந்து எட்டு மாசத்துக்குள்ள போட்டுடணும்.”

“எங்க வூட்டு வேண்டுதல் சார். காதுல ஓட்ட போடக்கூடாது. ஈனட்டும், அப்பால நானே புடிச்சாந்து நிறுத்தறேன்.”

“அப்பால போட முடியாதும்மா. வயசு தாண்டினா போடறதில்ல. சினை மாட்டுக்கு இத போட்டா சினையே கலஞ்சிடும். இப்ப வுட்டா வுட்டதுதான்.”

“சாமிக்கு நேந்தத சாமி பாத்துக்கும். நீங்க அடுத்த வூட்டப் பாருங்க சார்.”

நீ கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா? “எம்மா, அந்த சார் மூஞ்சி சுருங்கிப்போச்சு” என்றாய். நானும் சிரித்தேன். ஒரு அரசாங்க ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்ட பெருமை எனக்கு.

எனக்குக் காலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது, செல்வி. அதுதான் எனக்குத் தாங்கவே முடியவில்லை. இந்த ஊரில் மாடு பருவத்துக்கு வந்து காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். கோமாரி ஊசியைச் சினைக்கு விடுவதற்கு முன்பே போட்டு முடித்துவிடுங்கள், காய்ச்சலோடு இருக்கிற மாட்டைச் சினைக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று அடுத்த தெருவுக்குப் போய்ச் சண்டை போட்டவள் நான். “அக்கா கைராசி, ஒரே ஊசியில சினை புடிச்சிடும்” என்று சந்தையில் என் காதுபடப் பேசுவார்கள். அந்த நான்தான், வாழ்நாளில் ஒரே ஒருமுறை நாலு மாதம் மட்டும் திறந்திருந்த கதவை, சாமி பெயரைச் சொல்லி மூடினேன்.

சிட்டு ஒரே ஊசியில் சினை பிடித்தது. நான் ஊரெல்லாம் சொன்னேன். சினை ஊசி கருவாய் வழியாகப் போவது, அதில் துளை விழாது, அதனால் அது வேண்டுதலுக்குக் குற்றமில்லை என்று நானே ஒரு தீர்ப்பும் வைத்திருந்தேன். அப்புறம் நீ புளி உலுக்குகிற சமயத்தில் வந்தாய், உனக்கும் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்னாய். கொட்டகையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று உங்கப்பா தலைகால் புரியாமல் திரிந்தார். நீ வந்த இரண்டாம் நாள் மத்தியானம் சிட்டு கன்றை வீசிவிட்டது. மாதம் நிறையாத கன்று, மயிர்கூடச் சரியாக முளைக்கவில்லை. நீ கொட்டகைப் பக்கம் ஓடிவந்தாய். மாசமாக இருப்பவள் செத்த கன்றைப் பார்க்கக் கூடாது என்று உன்னைத் திட்டி உள்ளே துரத்தினேன். அது மட்டும் நல்லதாகப் போயிற்று என்று இப்போது வந்து பார்த்த மாட்டு டாக்டரம்மா சொன்னார். எந்த மூடத்தனம் காப்பாற்றும், எந்த மூடத்தனம் கழுத்தை அறுக்கும் என்று எனக்கு இப்போது ஒன்றுமே புரியவில்லை.

கன்றை நான்தான் வெறுங்கையால் எடுத்தேன். நஞ்சுக்கொடி விழாமல் தொங்கியது, அதையும் நான்தான் கையை விட்டு இழுத்தேன். உங்கப்பா அந்தக் கொடியை வைக்கோலோடு சேர்த்துக் கோணியில் கட்டி எப்போதும்போல ஏரிக்கரை ஆலமரத்தில் தொங்கவிட்டுவிட்டு வந்தார். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்று இந்த ஊரே அங்கேதான் கட்டுகிறது. மேயப்போகிற மாடெல்லாம் உச்சி வெயிலுக்கு அந்த மரத்தடியில்தான் படுக்கும். நம் செவலையும் அங்கேதான் படுக்கும். சிட்டுவும் அங்கேதான் படுத்தது. யார் வீட்டுக் கோணியிலிருந்து சொட்டியது நம் சிட்டுவின் வாயில் போனதோ, எனக்குத் தெரியாது. நம் வீட்டுக் கோணியிலிருந்து சொட்டியது யார் யார் மாட்டுக்குப் போனதோ, அதுவும் தெரியாது. அந்த மரத்தைத் தாண்டிப் போகும்போது இப்போது எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

கன்று போனாலும் சிட்டுவின் மடியில் பால் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரி, “கன்னு வீசின மாட்டுப் பாலயா சாமிக்குப் படைப்ப?” என்றாள். அம்மன் கன்றைக் கொடுக்காவிட்டாலும் பாலைக் கொடுத்திருக்கிறாளே, அவள் பங்கு அவளுக்கு என்று நான் சொம்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அபிஷேகம் போக மீதிப் பாலைப் பொழுது ஏறுவதற்கு முன்பே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எனக்கு ஒரு டம்ளர், உங்கப்பாவுக்கு ஒரு டம்ளர், உனக்கு ஒரு டம்ளர். காய்ச்சாத பால். நீ சமையலறைப் பின்வாசலில் நின்றிருந்தாய். “கல்யாணமும் அம்மன் குடுத்ததுதான், வயித்துல கீறதும் அவ குடுத்ததுதான். ஒரு சொட்டு வுடாம குடி” என்று சொல்லி உன் கையில் கொடுத்தது நான்தான். கொடுத்துவிட்டு அடுப்பில் சாமைச்சோறு பொங்குகிறது என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது டம்ளர் காலியாக இருந்தது. நீ வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

இதுதான் மாப்பிள்ளையிடம் நான் சொல்லாத மீதிப் பாதி.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு பதில் இருந்தது. சிட்டு மறுபடி கத்தியது, சினை ஊசி போட்டோம், நிற்கவில்லை. அடுத்தமுறை போட்டோம், அதுவும் நிற்கவில்லை. யார் கண் பட்டதோ என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். எனக்குக் காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். சாயங்காலமானால் இடுப்பும் முட்டியும் கழன்று விழுவதுபோல வலிக்கும். புடவை நனைகிற அளவுக்கு வியர்க்கும். உன்னிடம் போனில், “வயசாவுதில்ல” என்று சொன்னேன். நீ, “உனக்கா? ஊரு வயச நீ வாங்கி வச்சிக்கினியா?” என்று கிண்டல் செய்தாய். ஜமுனாமரத்தூரில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலையில் எழுந்து பால் கறந்தேன்.

போன வாரம் செவலையும் கன்றை வீசிவிட்டது. எத்தனை ஈத்து ஈன்ற மாடு, ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. உங்கப்பா போய் மாட்டு டாக்டரம்மாவை அழைத்து வந்தார். சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைக் கட்டிக்கொண்டு, கன்றை என்னைத் தொடவிடாமல் ஆழமாகக் குழி வெட்டச் சொல்லிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வைத்தார். மாடுகளின் இரத்தத்தை எடுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை காலையில் திரும்பி வந்தபோது அவர் கொட்டகைக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

“அம்மா, உங்களுக்குக் காய்ச்சல் வருதா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாட்டைப் பார்க்க வந்தவர் எதற்கு என்னைக் கேட்கிறார் என்று முழித்தேன். “வந்து வந்து போவுதுங்க” என்றேன்.

“சாயந்தரமா? மூட்டு வலி? வேர்வை?”

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் தலையை ஆட்டினேன். ரெண்டு மாட்டுக்கும் அதே கன்று வீச்சு நோய்தான், அது கன்றிலும் கொடியிலும் பாலிலும் இருக்கும், வெறுங்கையால் தொட்டவருக்கும் காய்ச்சாத பால் குடித்தவருக்கும் ஒட்டும், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பாருங்கள் என்றார். அதுவரை நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அடுத்த கேள்விதான் என்னை உட்கார வைத்தது.

“வூட்ல மாசமா இருக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா?”

என் காதில் ஒரு இரைச்சல் கேட்டது, செல்வி. மழை பெய்கிறதோ என்று வெளியே பார்த்தேன், நல்ல வெயில். டாக்டரம்மா பேசிக்கொண்டே இருக்கிறார், அவர் வாய் அசைவது தெரிகிறது, ஒரு வார்த்தையும் ஏறவில்லை. என் கண்ணில் இருந்தது அந்த டம்ளர் மட்டும்தான். மாசமாக இருக்கிறவர்களுக்கு இது வந்தால் கருவுக்கே ஆபத்து, சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது என்று அவர் சொன்னதை உங்கப்பாதான் அப்புறம் எனக்குச் சொன்னார். நான் கேட்டது “மாடு எப்படி வீசியதோ, அப்படித்தான்” என்கிற ஒன்றைத்தான். அவர் அப்படிச் சொன்னாரா, நானே நினைத்துக்கொண்டேனா என்றுகூடத் தெரியவில்லை. அவர் போனதும் உனக்குப் போன் போட்டு வராதே என்றேன். ஏன் என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த வாயால் சொல்வேன்? நீ குடித்த பாலை நான்தானே கொடுத்தேன்.

இரத்தம் பார்த்ததில் எனக்கு அந்த நோய் இருக்கிறது. உங்கப்பாவுக்கு இல்லை. அதே பாலைக் குடித்தவர், கோணியைச் சுமந்தவர், அவருக்கு எப்படி ஒட்டாமல் போனது என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன், சிலருக்கு அப்படித்தான் என்றார்கள். எனக்கு நெடுநாள் போட வேண்டிய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நடுவில் நிறுத்தக் கூடாது என்று மிரட்டியிருக்கிறார்கள். வாய் கசக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். என்னைப் பற்றி நீ கவலைப்படாதே. கவலைப்பட்டு என்னிடம் திட்டு வாங்கும் வேலையை உங்கப்பா செய்துகொண்டிருக்கிறார்.

மாட்டுத் தரகன் எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ, மறுநாளே வந்து நின்றான். “ஓட்டினு போய் சந்தையில தள்ளிடலாம்க்கா. கீழ ஊரு ஆளுங்களுக்கு இன்னா தெரியப்போவுது? மாடு பாக்க லட்சணமாத்தான் கீது” என்றான். ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது, மறைக்கமாட்டேன். அந்தக் கொட்டகை காலியானால் நீ வந்துவிடலாமே என்று மனம் போனது. அப்புறம் கீழே ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வாசலில், நல்ல மாடு வாங்கினோம் என்று மஞ்சள் குங்குமம் வைத்து சிட்டுவை வரவேற்கிற வீடு கண்ணில் வந்தது. அந்த வீட்டிலும் ஒருத்தி ஒரு டம்ளரை நீட்டுவாள். அவனைப் போகச் சொன்னேன். அவன் நகரவில்லை, மாட்டுச்சாணிக் கூடையைத் தூக்கினேன், போய்விட்டான். சிட்டுவையும் செவலையையும் தனியாகக் கட்டியிருக்கிறோம். சொசைட்டிக்கு நானே போய் என் வீட்டுப் பாலை வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரம்மா என்ன சொல்கிறாரோ அதன்படி செய்வோம். சிட்டு என்னைப் பார்த்தால் இன்னும் கத்துகிறது. அதற்கு என்ன தெரியும்.

இந்த வீடும் கொட்டகையும் சுத்தமாகிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லும்வரை நீ இங்கே கால் வைக்கக் கூடாது. அதனால் நான் வருகிறேன். ஆளிடமிருந்து ஆளுக்கு இது ஒட்டாது என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொண்டேன். பெண் வீட்டு அம்மா சம்பந்தி வீட்டில் வந்து உட்கார்ந்து பிரசவம் பார்ப்பதா என்று உன் மாமியார் வீட்டுச் சொந்தம் வாயில் போட்டு மெல்லும். மெல்லட்டும். நான் வளையலையும் எடுத்துக்கொண்டு வருவேன். முறை, முறை என்று நான் பிடித்துக்கொண்டிருந்தது எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று பார்த்தாய் அல்லவா? உனக்குப் பிள்ளை பிறந்தபின் நர்ஸ் இந்த மாதம் இந்த ஊசி என்று சொன்னால், நல்ல நாள் பார்க்காதே, என்னைக் கேட்காதே, சாமியைக் கேட்காதே. தூக்கிக்கொண்டு போ. அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள். அவள் என்னிடம் பால்தான் கேட்டாள், காதில் துளை இருக்கக் கூடாது என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அது நாம் சேர்த்துக்கொண்டது.

இப்போது கடைசி விஷயம். இதற்காகத்தான் இத்தனையும்.

சின்ன வயதில் உனக்குப் பால் என்றாலே ஆகாது. மாட்டுக்காரி வீட்டில் பிறந்துவிட்டு, பாலாடையைப் பார்த்தால் ஓக்காளிப்பாய். தினமும் டம்ளர் காலியாகும், நீ மட்டும் நோஞ்சானாகவே இருப்பாய், பின்வாசல் கறிவேப்பிலை மட்டும் ஊரில் இல்லாத செழிப்பில் இருக்கும். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். நீ டம்ளரைச் செடி அடியில் சாய்த்துக்கொண்டிருந்தாய். உங்கப்பா பக்கத்திலேயே நின்று எனக்குத் தெரியாமல் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தார். அவரை என்ன செய்ய முடியும், உன்னை அடித்தேன். விசிறிக் காம்பு ஒடிகிறவரை அடித்தேன். நீ தேம்பித் தேம்பி என் தலையில் கை வைத்து, “இனிமே ஊத்தமாட்டேம்மா, உன் தலமேல சத்தியம்” என்றாய். அதற்கப்புறம் நீ பாலை ஊற்றி நான் பார்த்ததே இல்லை. என் பெண் சத்தியம் தவறாதவள் என்று இத்தனை வருடமும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். உங்கப்பா பின்வாசலில் கால் கழுவிக்கொண்டு நின்றவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“அவ அத குடிக்கல.”

“எத?”

“அந்தப் பால. மசக்கையில அவளுக்கு வாடையே ஆவல. நீ உள்ள போனதும் கறிவேப்பிலைக்கு ஊத்திட்டா. நான் பாத்தேன். அம்மாகிட்ட சொல்லாதன்னு கைய காட்டினா. சரின்னு வுட்டுட்டேன்.”

நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன். உண்மையா, சாமி சத்தியமா என்று உலுக்கினேன். அவர் உண்மைதான் என்கிறார். ஆனால் உனக்குத் தெரியும், இந்த மனுஷன் நான் அழுதால் எதையும் சொல்வார். என் அப்பா செத்த அன்றைக்கு, மூச்சு இருக்கிறது என்று சொல்லித்தான் கூலி வேலைக்குப் போயிருந்த கோயம்புத்தூரிலிருந்து என்னை ஊர் வரை கூட்டி வந்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. காலையில் எழுந்து அந்தச் செடியைப் போய்ப் பார்த்தேன். அது எப்போதும்போல இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முந்தின பாலை அதனிடம் எப்படிக் கேட்பேன்?

இரத்தப் பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும், டம்ளர் விஷயத்தை உன் டாக்டரிடம் மறைக்காமல் சொல். குடித்திருந்தால் குடித்தேன் என்றே சொல். மருந்து இருக்கிறது, அதற்குத்தான் பார்க்கிறார்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு வார்த்தையும் விழுங்காதே. ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு. என்னோடு பேச வேண்டாம், கோபம் இருக்கட்டும். எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் முகத்தைப் பார்க்காதே, பார்த்தால் ரெண்டு பேரும் சேர்ந்துகொள்வீர்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடு.

சாமிக்குப் படைத்த பாலை மண்ணில் கொட்டினேன் என்று சொல், செல்வி. என் தலைமேல் செய்த சத்தியத்தை மீறினேன் என்று சொல். உன்னை ஒரு வார்த்தை திட்டமாட்டேன்.

போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா